எடை மேடை

லாரி ஏறும், எண் ஏறும்.
குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வரும், எண் இறங்கும்.
இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் பழம்.
பதினேழு வருடமாக எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.
பீடோருக்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி
குலைக்கடியில் மணலை மறைத்துக்கொண்டு வருபவனை
டயர் அமுங்குவதை வைத்தே பிடித்துவிடுவேன்.

"ஹாய் டியர்."
இதற்கு என்ன எடை என்று எனக்குத் தெரியவில்லை.

லோகஷினிக்குப் பதின்மூன்று. படிவம் ஒன்று.
ராத்திரி ஷிப்டு முடிந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன்,
பல்கூடத் துலக்காமல் வந்து போனை நீட்டினாள்.
"அப்பா, இவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"
படத்தில் ஒரு பையன், கையில் பந்து.
பதினைந்து வயதாம். ஜொகூராம்.
அவளை அவனுக்கு நன்றாகத் தெரியுமாம்:
எந்தப் பள்ளி, எந்த வேன்,
வலது முழங்காலில் ஏழு தையல்.

என் கை முதலில் பிடுங்கத்தான் போனது.
பிடுங்கி, அலமாரியில் பூட்டி,
சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியும் அப்பனை
எனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் பாதி வீட்டில் அவன்தான்.
தவமணி அடுப்படியிலிருந்தே சொன்னாள்:
"அவளா வந்து காட்டியிருக்கா."
அவ்வளவுதான். மாவு பிசையத் திரும்பிவிட்டாள்.

கையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"இதெல்லாம் அவனுக்கு யார் சொன்னது? நீயா?"
பதில் சொல்லவில்லை.
இரண்டு தட்டுத் தட்டி
என் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

பரிசளிப்பு நாள். சட்டையில் பள்ளிச் சின்னம், பெயர்ப்பட்டை.
இடைநிலைப்பள்ளி முதல் நாள். வேன், வேனின் எண்.
சைக்கிளில் விழுந்தும் அசராத என் சிங்கக்குட்டி. முழங்கால், தையல்.
தீபாவளி. எல்லாரும் சிரிக்கிறோம்,
பின்னால் கேட்டில் வீட்டு எண்ணும் சிரிக்கிறது.
நூற்று நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.
அதில் எத்தனை பேரை நான் மேடையில் ஏற்றி நிறுத்தினேன்?

மணல் என் லாரியில் இருந்திருக்கிறது.

அவன் அனுப்பியதை எல்லாம் படமெடுத்து வைத்தோம்,
புகார் பொத்தானை அவளே தேடி அழுத்தினாள்,
பிறகு ஆளை அடைத்தோம்.
வேன்கார முனியாண்டியிடம் சொன்னேன், சிக்கு நோராவிடமும்.
சொல்லும்போது என் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது.
அந்த இடத்தில் மட்டும் குரல் சிறுத்துவிட்டது.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அழித்தோம்.
இது வேணாம். இது இருக்கட்டும். இது வேணாம்.
ஒன்றில் விரல் நின்றது.
"இதை ஏம்பா போட்டீங்க? இதுல நான் அழுதுக்கிட்டு இருக்கேன்."
உற்றுப் பார்த்தேன். ஆமாம், அழுகிறாள்.
வெயிலில் கண் கூசுகிறது என்றல்லவா
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"இனிமே எதையும் போடறதுக்கு முன்னால எங்ககிட்டக் கேளு" என்றேன்.
"நீங்களும்" என்றாள்.
தவமணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.
யார் பக்கம் என்று சொல்லவில்லை.

இன்னொருவன் வருவான். வேறு பெயர், வேறு பந்து.
அன்றைக்கும் அவள் போனை நீட்டுவாளா?
தெரியாது. ஆலையில் இருக்கும்போது
லாரிக்கும் லாரிக்கும் இடையில் இது வந்து போகிறது.

நேற்று மத்தியானம் கைலியோடு நாற்காலியில் தூங்கிவிட்டேன்,
வாய் திறந்தபடி. கிளிக் சத்தம்.
கண் விழித்தால் எதிரே கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கிறது.
"அப்பா, போடவா?"
"வேணாம்."
"சரி" என்று அழித்துவிட்டாள்,
அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டு.
அடுப்படியில் தவமணி சிரித்த சிரிப்பு
அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.